எதிர்வெயிலும் ஒளிப்படமும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒளி இல்லையேல் ஒளிப்படம் இல்லை. ஆயினும் அதே ஒளி வேண்டாத வழியில் காமிராவுக்குள் புகுந்தால் படத்தைக் கெடுத்தும் விடுகிறது. காலைக் கதிரவனை எதிர்நோக்கி ஒரு வயலையோ கடலையோ படமெடுத்தவர்கள் இதை நன்கு அறிவர். பயிரின் பசுமை வெளுத்திருக்கும். கரிய நிழல்கள் சாம்பல் நிறமாகியிருக்கும். படத்தின் குறுக்கே பச்சையும் ஊதாவுமான வட்டங்கள் வரிசையாக நிற்கும். கண்ணால் கண்ட காட்சியில் அவ்வட்டங்கள் இல்லையே! பின் படத்தில் மட்டும் அவை எங்கிருந்து வந்தன?

படக்கலைஞர்கள் இதனை 'ஃபிளேர்' என்பர். நல்ல துணியில் பட்ட கறைபோல் படத்தின்மேல் படிவதால் இக்கட்டுரையில் இதனை 'ஒளிக்கறை' என்று குறிப்பிடுகிறேன். விலை உயர்ந்த காமிரா உள்ளவர்க்கே தெளிந்த படம் கிட்டும் என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. ஒளியியல் வகுப்பில் நாம் படிக்கும் சில உண்மைகளைக் கையாண்டால், எளிய கைப்பேசியாலும் எதிர்வெயிலில் தெளிந்த படம் எடுக்கலாம் என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

படம் என்னும் சாட்சி

ஒளிப்படம் ஒரு காலத்தில் திருமணத்துக்கும் அடையாள அட்டைக்கும் உரியதாக இருந்தது. இன்று அது சாட்சியாகவும் விளங்குகிறது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வெள்ளம் சூழ்ந்தோ ஆலங்கட்டி மழை பெய்தோ தன் வயல் பாதிக்கப்பட்டால், காப்பீடு செய்த உழவர் அதனை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கைப்பேசிச் செயலி வழியாகத் தெரிவிப்பவர் வயலின் படத்தையும் இணைக்கலாம். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்த மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் வேளாண் கல்லூரி மாணவர்கள், நம் வயதினர், வயல் வயலாகச் சென்று பணியாற்றினர். இத்தகைய பணிகளில் படம் வெளுத்துப் போனால் நிற்பது நெல்லா, கோரையா என்றே சொல்ல இயலாது. அழகு குறைவது பெரிதன்று. சாட்சி பொய்த்துப் போவதே பெரிது.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகச் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். நீர் தேங்கிய வயலை ஓர் உழவர் காலை வேளையில் தம் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் படம் எடுத்தும் ஒன்றிலும் சாய்ந்த பயிர் தெரியவில்லை. வெண்மையான மூட்டமே தெரிந்தது. "போன் பழசாகிவிட்டது தம்பி" என்றார். போன் பழையதுதான். ஆயினும் குறை போனில் மட்டும் இல்லை என்பதை இனி வரும் கணக்கு காட்டும்.

நான் பிறந்து வளர்ந்த நொச்சிக்குப்பத்தில் வயல் இல்லை. எங்களுக்குக் கடலே வயல். எங்கள் கரை கிழக்கு நோக்கியது. படகுகள் கரை திரும்புவதும், வலையிலிருந்து மீன் எடுப்பதும், ஏலம் போவதும் காலையில். கதிரவன் எழுவதும் அதே திசையில், அதே வேளையில். மாலையில் கதிரவன் நகரத்தின் பக்கம் இறங்கும்போது கடல் மிகத் தெளிவாகப் படமாகும். ஆனால் அப்போது கரையில் வேலை ஓய்ந்திருக்கும். நாற்று நடவும் அப்படித்தான். வெயில் ஏறுமுன் பாதி வேலை முடிந்துவிடும். ஆகவே, 'கதிரவனை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு படமெடு' என்று புகைப்பட நூல்கள் கூறும் முதல் பாடம் உழைப்பவரைப் படமெடுக்க எப்போதும் உதவுவதில்லை.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வருவதற்கு முன் கரை எப்படி இருந்தது என்று யாரேனும் கேட்டால், எடுத்துக்காட்ட எங்கள் வீட்டில் ஒரு படமும் இல்லை. லூப் சாலையில் 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அதற்கு முன் எந்த இடத்தில் யார் கூடை வைத்திருந்தார்கள் என்பதையும் நாளை ஒருவர் கேட்கக்கூடும். எங்களைப் போன்றோர் எடுத்து வைக்கும் படம் தெளிவாக இருக்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

கறை பிறக்கும் விதம்

கண்ணாடியின் மீது படும் ஒளி முழுவதும் அதனுள் செல்வதில்லை. ஒரு பகுதி எதிரொளிக்கப்படுகிறது. செங்குத்தாகப் படும் ஒளியில் எவ்வளவு எதிரொளிக்கப்படும் என்பதைக் கணக்கிடும் முறை எளிது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, அதே எண்ணுடன் ஒன்றைக் கூட்டி வருவதால் வகுத்து, கிடைக்கும் விடையை வர்க்கப்படுத்த வேண்டும். ஒளிவிலகல் எண் 1.5 எனில், 0.5-ஐ 2.5-ஆல் வகுக்க 0.2, அதன் வர்க்கம் 0.04. அதாவது ஒவ்வொரு கண்ணாடி முகத்திலும் 100-க்கு 4 பங்கு ஒளி திரும்பிவிடுகிறது.

நான்கு பங்குதானே என்று எண்ணலாகாது. இன்றைய காமிராவில் இருப்பது ஒரே வில்லை அன்று. கைப்பேசிக் காமிராவிலேயே ஐந்து முதல் ஏழு வில்லைகள் வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. தனித்தனியே நிற்கும் ஏழு வில்லைகளுக்கு 14 முகங்கள். பூச்சு ஏதும் இல்லாத 14 முகங்களையும் கடந்து செல்லும் ஒளி 100-க்கு ஏறத்தாழ 56 பங்கே. மீதி 44 பங்கு எங்கே போயிற்று? ஒரு பகுதி முன்புறமாக வெளியேறிவிடும். மற்றது வில்லைகளுக்கிடையே முன்னும் பின்னும் மோதி, வழி தவறி, இறுதியில் படம் பதியும் பரப்பின்மேல் விழும்.

இவ்வாறு வழி தவறிய ஒளி இரு வடிவங்களில் தோன்றும். படம் முழுவதும் மெல்லப் பரவி நிழலை வெளுக்கச் செய்வது ஒன்று. இதனை 'ஒளித்திரை' எனலாம். வட்டமாகவும் பல கோணமாகவும் தனித்து நிற்பது மற்றொன்று. இதனைப் 'போலி உருவம்' எனலாம். ஏதேனும் இரு முகங்களில் அடுத்தடுத்து எதிரொளித்த ஒளி ஒரு போலி உருவத்தைத் தரும். 14 முகங்களில் இரண்டிரண்டாகத் தேர்ந்தால் 91 இணைகள். ஆக, ஒரே கதிரவனுக்கு 91 போலிகள் பிறக்க வழியுண்டு! பெரும்பாலானவை பரந்து மங்கி ஒளித்திரையில் கலந்துவிடும். எஞ்சிய சிலவே நம் கண்ணில் படுகின்றன. அவை ஐங்கோணமாகவோ அறுகோணமாகவோ தோன்றினால், அது காமிராவினுள் ஒளியை அளந்து விடும் துளையின் வடிவமே.

இரு முறை எதிரொளித்த ஒளியின் வலிமை 0.04-இன் வர்க்கம், அதாவது 625-இல் ஒரு பங்கு. மிகச் சிறியதுதான். ஆனால் உச்சி வெயிற் கதிரவனின் வட்டம், அதே வெயிலில் நிற்கும் பச்சை வயலைவிடப் பல லட்சம் மடங்கு ஒளிமிக்கது. பல லட்சத்தில் 625-இல் ஒரு பங்கு என்பது பயிரை மறைக்கப் போதுமானதன்றோ?

ஃபிரெனலும் கலங்கரை விளக்கமும்

மேற்கண்ட கணக்கை நமக்கு அளித்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆகஸ்டின் ஃபிரெனல். எதிரொளிக்கும் ஒளியின் அளவு குறித்த தம் ஆய்வுரையை அவர் 1823-இல் அளித்தார். அதே ஆண்டில்தான் அவர் வடிவமைத்த புதுவகை வில்லை, பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஒளிர்ந்தது. கனத்த ஒற்றைக் கண்ணாடிக்குப் பதிலாக வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடிகளால் விளக்கின் ஒளியைத் திரட்டிக் கடலோடிகளுக்கு அனுப்பும் அமைப்பு அது. அதன் பின்னர் உலகெங்கும் கலங்கரை விளக்கங்கள் அம்முறையைப் பின்பற்றின.

எங்கள் குப்பத்துக்கு வடக்கே நிற்கும் இன்றைய சென்னைக் கலங்கரை விளக்கம் 1977 ஜனவரியில் செயற்படத் தொடங்கியது. இரவில் கடலிலிருந்து திரும்புவோர்க்கு அதுவே ஊர் அடையாளம். கண்ணாடி ஒளியைத் திரட்டவும் செய்யும், திருப்பியும் விடும் என்னும் இரு பண்புகளையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் ஆராய்ந்தார் என்பது பாடநூலின் சூத்திரத்தைப் படிக்கையில் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

மெல்லிய பூச்சின் பெருமை

எதிரொளிப்பைக் குறைக்கும் வழி எதிர்பாராத விதமாகவே தெரியவந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், காலப்போக்கில் மேற்பரப்பு மங்கிய பழைய வில்லைகள் புதியவற்றைவிட அதிக ஒளியை உட்செலுத்துவதை இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் கண்டார். மங்கிய பரப்பு ஒரு மெல்லிய ஏடாக அமைந்து எதிரொளிப்பைக் குறைத்திருக்கிறது! 1935-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் வில்லைமேல் பூச்சுப் படியச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1938-இல் அமெரிக்காவில் கேதரின் பிளாட்ஜெட் என்னும் பெண் அறிவியலாளர், மூலக்கூறு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, எதிரொளிக்காத கண்ணாடியை உருவாக்கினார்.

இப்பூச்சு செயற்படும் விதத்தை நாம் அன்றாடம் பார்க்கிறோம். படகின் எஞ்சினிலிருந்து சிந்திய எண்ணெய் நீரின்மேல் பரவும்போது வானவில் நிறங்கள் தோன்றுகின்றன அல்லவா? ஏட்டின் மேற்பரப்பில் எதிரொளித்த அலையும் கீழ்ப்பரப்பில் எதிரொளித்த அலையும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதாலோ அழிப்பதாலோ அந்நிறங்கள் பிறக்கின்றன. வில்லையின் பூச்சில், ஏட்டின் தடிமன் அதனுள் செல்லும் ஒளி அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்காக அமைக்கப்படுகிறது. அதனால் இரு அலைகளும் முரண்பட்டு ஒன்றையொன்று தணிக்கின்றன. மெக்னீசியம் ஃபுளோரைடு பூச்சுக்கு அத்தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் பல நூற்றில் ஒரு பங்கான இவ்வேடு, 4 பங்கு எதிரொளிப்பை 1.4 பங்காகக் குறைக்கிறது. பல ஏடுகள் பூசினால் அரைப் பங்குக்கும் குறையும். பூச்சு பச்சை ஒளிக்கெனக் கணக்கிடப்படுவதால் சிவப்பும் நீலமும் சற்றே எஞ்சித் திரும்புகின்றன. வில்லை ஊதாவாக மின்னுவது இதனாலேயே.

முகத்துக்கு அரைப் பங்கு எனில், போலி உருவத்தின் வலிமை 40,000-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனினும் கதிரவனின் ஒளிக்கு முன்னால் அதுவும் முற்றாக மறைவதில்லை. மிக விலை உயர்ந்த காமிராவிலும் ஒளிக்கறை தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கீழிருந்து வரும் கதிரவன்

வயலுக்கும் கடலுக்கும் பொதுவான ஒரு தொல்லை உண்டு. நடவுக்குமுன் நீர் நிறுத்திய வயல் ஒரு கண்ணாடிபோல் கிடக்கும். அதில் கதிரவன் இரண்டாம் முறை தோன்றுவான். மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்க நினைப்பவர் கீழிருந்து வரும் இந்த வெயிலை மறந்துவிடுகின்றனர். முகாமில் கண்ட உழவரின் படத்தைக் கெடுத்ததில் தேங்கிய நீருக்கும் பங்குண்டு.

நீர்ப்பரப்பில் எதிரொளித்த ஒளிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது பெருமளவு ஒரு தளத்திலேயே அதிரும் ஒளி. தளவிளைவுற்ற ஒளி என்று நாம் படிக்கிறோம். கதிர் செங்குத்துக் கோட்டோடு 53 பாகைக் கோணத்தில் நீர்மேல் படும்போது, அதாவது கதிரவன் வானத்தில் 37 பாகை உயரத்தில் இருக்கும்போது, எதிரொளித்த ஒளி முற்றிலும் தளவிளைவுறும். அப்போது ஒரு போலராய்டு தகட்டைச் சுழற்றிப் பிடித்தால் அவ்வொளி மறைந்து நீருக்கடியில் உள்ளதும் தெரியும்.

இவ்வுத்தியைக் கையாண்ட பெரியார் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தை ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியே நோக்கினார். மேற்பரப்பு எதிரொளியைப் பட்டகம் நீக்கிய பின்னும் கடல் நீலமாகவே தோன்றியது. கடலின் நீலம் வானத்தின் நிழல் என்ற கருத்து போதாது, நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த வழியில் தொடர்ந்த ஆய்வே 1928-இல் ராமன் விளைவாகவும் 1930-இல் நோபல் பரிசாகவும் கனிந்தது. வேண்டாத ஒளியை விலக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு உண்மை புலப்பட்டது என்று இதனை நாம் சொல்லலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. விடியலில் கதிரவன் தாழ நிற்கும்போது தளவிளைவு குறைவாதலால் போலராய்டு பெரிதும் உதவாது. மேலும், வில்லைக்கு முன் வைக்கும் எந்தத் தட்டும் இரு புதிய முகங்களைச் சேர்க்கிறது. 14 முகம் 16 ஆனால், 91 இணைகள் 120 ஆகும். கீறல் படாமலிருக்கக் கைப்பேசியின் காமிராமேல் பலர் ஒட்டிவைக்கும் மலிவான கண்ணாடி வில்லையும் இக்கணக்கில் சேரும்.

செய்முறை

முதலாவது, துடைத்தல். விரலின் எண்ணெய்ப் பசையும் கடற்காற்றின் உப்பும் வில்லையின்மேல் ஏடாகப் படிந்து ஒளியைச் சிதறச் செய்யும். பசையை ஒரே திசையில் இழுத்துவிட்டால் அதற்குக் குறுக்காக ஒளிக்கோடு தோன்றும். உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும் ஆதலால் முதலில் ஊதிவிட்டு, பின் மெல்லிய பருத்தித் துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, நிழல் கொடுத்தல். என் தந்தை பள்ளிக்கூடம் சென்றது சில ஆண்டுகளே. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். ஆயினும் இப்பாடத்தை நான் அவரிடமே கற்றேன் எனலாம். எங்கள் குப்பத்தில் காலைக் கடலை நோக்குபவர் எவரும் நெற்றியில் கையைக் குவிக்காமல் நோக்குவதில்லை. கண்ணும் ஒரு வில்லையே. அதனுள்ளும் ஒளி சிதறும். நோக்கும் திசையை மறைக்காமல், வேண்டாத ஒளியை மட்டும் கை தடுக்கிறது. காமிராக் கடைகளில் விற்கும் நிழற்குழல் செய்வதும் இதைத்தான். கையின் நிழல் வில்லைமேல் முழுதும் விழ வேண்டும். கை படத்துக்குள் விழக்கூடாது. இவ்விரண்டும் நிறைவேறினால் கதிரவன் வழி வரும் கறை நீங்கிற்று. நீர் நிறைந்த வயலில் மற்றொரு கையால் கீழேயும் ஒரு மறைப்புக் கொடுக்க வேண்டும். துண்டு அட்டை ஒன்றிருந்தால் மேலும் நன்று.

மூன்றாவது, வேளையறிதல். கதிரவன் படத்தின் எல்லைக்குள் இருக்கும்வரை கைநிழல் உதவாது. அது எப்போது எல்லையைத் தாண்டும்? சென்னையில் கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாக எழுகிறான். மணிக்கு 14 பாகைக்குச் சற்றுக் குறையவோ கூடவோ ஏறுவான். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து அடிவானத்தைப் படத்தின் நடுவில் வைத்தால், படத்தின் மேல் விளிம்பு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 26 பாகை உயரத்தில் இருக்கும். ஆகவே கதிரவன் எழுந்து இரண்டு மணி நேரத்தில் படத்தைவிட்டு வெளியேறிவிடுவான். காமிராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து நிலத்தை அதிகம் காட்டினால் இன்னும் முன்னதாகவே வெளியேறுவான். சாட்சிக்காக எடுக்கும் படத்தில் வானம் தேவையில்லை அன்றோ? திசையும் மாறும்: ஜூனில் நேர்கிழக்குக்கு வடக்கே 24 பாகையிலும், டிசம்பரில் தெற்கே 24 பாகையிலும் எழுகிறான். டிசம்பரில் சற்று வடகிழக்காகத் திரும்பி நின்றாலே கறை பெரிதும் குறையும்.

நான்காவது, மறைத்தல். கதிரவன் படத்துக்குள் இருந்தே ஆகவேண்டும் எனில், ஒரு பனைமரத்தின் பின்னோ, கரையேற்றிய படகின் முனைக்குப் பின்னோ அவன் மறையும்படி நிற்கலாம். ஓரடி நகர்ந்தாலே போதும்.

ஐந்தாவது, போலியை இடம் மாற்றுதல். கைப்பேசியில் பச்சைப் புள்ளியாகத் தோன்றும் போலி உருவம் படத்தின் மையத்துக்கு மறுபுறம் நிற்கும். கதிரவன் இடது மேல் மூலையில் எனில் புள்ளி வலது கீழ்ப்பகுதியில். காமிராவைச் சிறிது திருப்பினால் புள்ளி நகரும். முக்கியமான பொருளின்மேல் அது விழாதபடி இரு படங்களாக எடுத்துக்கொள்வது நன்று. கதிரவன் சரியாக மையத்தில் நின்றால் போலிகள் அவனைச் சுற்றியே ஒடுங்கிவிடும். எதிர்வெயிலில் பொருள் கறுத்துப் போகாதிருக்க, திரையில் அப்பொருளின்மேல் விரல் வைத்து ஒளியளவை ஏற்ற வேண்டும். கண்ணாடித் துளை வழியே பார்க்கும் காமிராவில் கதிரவனை நேரே பார்த்தல் ஆகாது, கண்ணுக்குக் கேடு.

கறையும் அழகாகுமோ?

எதிர்வெயில் எப்போதும் பகையென்று கொள்ளலாகாது. இளம் நெல்லிலையின் பின்புறமிருந்து வெயில் பாயும்போது இலை தானே ஒளிர்வதுபோல் தோன்றும். வலையை உதறும்போது சிதறும் நீர்த்துளியும் எதிர்வெயிலில்தான் முத்தாகும். 1967-இல் வந்த 'கூல் ஹேண்ட் லூக்', 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்' போன்ற அமெரிக்கப் படங்களில் ஒளிக்கறையை நீக்காமல் அப்படியே விட்டனர். வெயிலின் கடுமையை அது உணர்த்தியது. தமிழ்த் திரையுலகில் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்துக்காக அசோக்குமாரும், 'நாயகன்' படத்துக்காக பி. சி. ஸ்ரீராமும் தேசிய விருது பெற்ற ஒளிப்பதிவாளர்கள். எதிரிலிருந்து வரும் ஒளியைத் துணிந்து கையாண்டவர்கள். ஆனால் தவிர்க்கத் தெரிந்தபின் வேண்டுமென்றே விடுவது வேறு, தவிர்க்கத் தெரியாமல் விழுவது வேறு. முன்னது கலைஞனின் விருப்பம். பின்னதால் ஓர் உழவரின் படம் சாட்சியாகாமல் போகலாம்.

முடிவுரை

ஒவ்வொரு கண்ணாடி முகமும் சிறிது ஒளியைத் திருப்பிவிடும் என்னும் ஒரே உண்மையிலிருந்து ஒளித்திரை, போலி உருவம், பூச்சு, நிழல் ஆகிய அனைத்தும் விளங்குவதைக் கண்டோம். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கைப்பேசியும் காலை வெயிலும் போதும். நம்முள் பலர் சிற்றூர்களிலிருந்தும் குப்பங்களிலிருந்தும் வந்து படிப்பவர்கள். விடுமுறையில் ஊர் செல்லும்போது, வயலையும் கரையையும் படமெடுக்க முனையும் நம் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் வில்லையைத் துடைக்கவும், கையால் நிழல் கொடுக்கவும், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து எடுக்கவும் சொல்லிக் கொடுப்போம். முகாமின் மறுநாள் காலை அந்த உழவர் தம் துண்டை மடித்துக் காமிராவுக்கு மேல் பிடித்து எடுத்த படத்தில், நீரில் சாய்ந்து கிடந்த கதிர்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிந்தன. கைப்பேசி அதே பழைய கைப்பேசிதான்.